ஸ்க்விட் ப்ராக்ஸி: அமைக்கும்போதும் அளக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்க்விட் என்பது பயனர்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, ஒருமுறை கேட்டதை மறுபடி கொடுப்பதற்காகச் சேமித்து வைக்கும் (கேஷ்) ப்ராக்ஸி மென்பொருள். அதைப் புதிதாக நிறுவுகிறவர்கள் முதலில் கை வைப்பது அமைப்புக் கோப்பின் கேஷ்_மெம் வரியில்தான். 8 ஜிபி ராம் இருக்கிறதே, 6 ஜிபியைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நானும் கொடுத்தேன். ஆனால் கேஷ்_மெம் ஸ்க்விட்டின் மொத்த நினைவக வரம்பு அல்ல. கோப்புகளை ராமில் வைத்துக்கொள்ள ஒதுக்கும் இடம் மட்டுமே. டிஸ்கில் உள்ள ஒவ்வொரு ஜிபி கேஷுக்கும் அட்டவணை வைக்கவே சுமார் 14 எம்பி ராம் தனியாகப் போகும். 200 ஜிபி டிஸ்க் கேஷ் என்றால் 2.8 ஜிபி. ஆறோடு கூட்டிப் பாருங்கள். இயந்திரம் ஸ்வாப்பில் (ராம் போதாமல் டிஸ்கை நினைவகமாகப் பயன்படுத்துவது) விழுந்து, கேஷே இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிற அளவுக்கு இழுக்கும்.

அளப்பதில்தான் பெரிய ஏமாற்று வேலை நடக்கிறது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. ஒரே முகவரியை அப்பாச்சி பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியில் 10,000 முறை கேட்டால் முதல் முறை மட்டும் வெளியே போகும். மீதி எல்லாம் ராமிலிருந்து வரும். எண் அழகாக இருக்கும். டிஸ்க் தூங்கிக்கொண்டிருக்கும். நிஜப் பயனர்கள் சில பக்கங்களைத் திரும்பத் திரும்பவும், ஏராளமான பக்கங்களை ஒரே ஒரு முறையும் கேட்பார்கள். உங்கள் பழைய ஆக்சஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவேடு) உள்ள முகவரிகளை அதே வரிசையில் ஓடவிடுங்கள், அல்லது ப்ராக்ஸிகளை அளக்கவென்றே எழுதப்பட்ட வெப் பாலிகிராஃபை எடுங்கள். டிஸ்க் நிறைந்து, பழையவை வெளியேறத் தொடங்கிய பிறகு எண்ணுங்கள்.

சோதிக்கும் இயந்திரமும் முட்டுக்கட்டை ஆகலாம். லினக்ஸில் வெளி இணைப்புக்கு இயல்பாகக் கிடைப்பவை சுமார் 28,000 போர்ட்டுகள் (ஒவ்வொரு இணைப்பும் எடுத்துக்கொள்ளும் எண்கள்). மூடிய பின் ஒவ்வொன்றும் 60 விநாடி காத்திருக்கும். கீப் அலைவ் (ஒரே இணைப்பைப் பல கோரிக்கைகளுக்குத் திறந்து வைப்பது) இல்லாமல் ஒரே இயந்திரத்திலிருந்து அடித்தால், விநாடிக்கு 470 புதிய இணைப்புகளை ஒட்டி நின்றுவிடும். பழி ஸ்க்விட்டின் தலையில் விழும்.

சரி, உண்மையான லாகைத் திறந்தால்? பெரும்பாலும் டிசிபி_டனல், அதாவது ஸ்க்விட் உள்ளே பார்க்காமல் அப்படியே அனுப்பிய இணைப்பு. எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த) போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்காத ஸ்க்விட் அதைக் கடத்திவிடுமே தவிர சேமிக்காது. எங்கள் இடத்தில் கேஷால் பலன் கண்டது, இன்னும் சாதா எச்டிடிபியில் வரும் டெபியன் லினக்ஸ் அப்டேட்டுகள்தான். அவற்றிலும் பெரிய தொகுப்புகள் ஆரம்பத்தில் டிஸ்கில் ஏறவில்லை: சேமிக்கும் கோப்பின் உச்ச அளவைச் சொல்லும் மேக்ஸிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ் இயல்பாக 4 எம்பி. 512 ஆக்கியும் பலனில்லை. அந்த வரியை, டிஸ்க் கேஷின் இடத்தைச் சொல்லும் கேஷ்_டிர் வரிக்குக் கீழே எழுதியிருந்தேன். மேலே நகர்த்திய பிறகுதான் அது செல்லுபடியானது.