வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4-க்குப் படிப்பவர்களுக்கு ஒரு நோட்டுத் திட்டம்

தலைக்குள் பத்து வேலை ஓடினால் மலைப்புதான் வரும். தமிழ்நாட்டு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு, கார் ஓட்டப் பழகுவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது என எல்லாவற்றையும் முதலில் ஒரு நோட்டில் கொட்டுங்கள். இந்த மாதத்துக்கு மூன்று போதும். மற்றவை கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.

பலர் சறுக்கும் இடம் அடுத்தது. "குரூப் 4 படிக்க வேண்டும்" என்று எழுதினால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது. தேர்வில் 200 கேள்விகள், அதில் 100 தமிழ். அந்த 100 தமிழ்க் கேள்விகளுக்கான 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழில் தொடங்குவதே சரி. "ஆறாம் வகுப்புத் தமிழ், முதல் இயல், 40 நிமிடம், பிறகு 10 கேள்வி" என்று எழுதுங்கள், உட்கார்ந்ததும் ஆரம்பிக்கலாம்.

ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள், ஐந்து போதும். காய்ச்சல், கல்யாணம், கூடுதல் ஷிப்ட் எல்லாம் வரத்தான் செய்யும். காலி நாள் இல்லாத அட்டவணை ஒரு நாள் தவறியதும் மொத்தமாகச் சரிந்துவிடும்.

ஞாயிறு மாலை 20 நிமிடம் நோட்டைப் புரட்டுங்கள். மூன்று வாரமாக நகராத வேலையைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். அதற்காக வருந்த வேண்டாம். மூன்றில் ஓர் இடம் காலியானதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.