கிருஷ்ணகிரி லீனியமென்ட் வரைபடத்தில் பெட்டி எண்ணுவது எப்படி

லீனியமென்ட் என்பது பாறை முறிவு, டைக் போன்றவற்றால் நிலப்பரப்பில் நேராகத் தெரியும் கோடு. வரைபடத்தின் மேல் கட்டம் போட்டு, கோடு தொடும் பெட்டிகளைப் பெட்டி அளவைக் குறைத்துக் குறைத்து எண்ணுவது பெட்டி எண்ணும் முறை. எந்தக் கோட்டு வரைபடத்தைக் கொடுத்தாலும் அது 1-க்கும் (தனிக் கோடு) 2-க்கும் (பரப்பை முழுதும் நிரப்புவது) நடுவே ஒரு ஃப்ராக்டல் பரிமாணத்தைத் தந்துவிடும். பெட்டி அளவையும் எண்ணிக்கையையும் மடக்கை (லாக்) வரைபடத்தில் போட்டால் புள்ளிகளும் பார்வைக்கு நேராகவே விழும். அந்த எண்ணுக்குப் பொருள் உண்டா என்று சோதிப்பதுதான் உண்மையான வேலை.

முதலில் சதுரம். காவேரிப்பட்டினத்தை நடுவில் வைத்து 25.6 கி.மீ. பக்கமுள்ள சதுரம் எடுங்கள். பாதி பாதியாக வெட்டினால் 12.8, 6.4, 3.2, 1.6, 0.8, 0.4, 0.2 என்று மீதமில்லாமல் இறங்கும். ப்ரொஜெக்‌ஷன் யூடிஎம் 44 வடக்கு (யூடிஎம் பூமியை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும்). ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் மூன்றும் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே, 43-ஆம் மண்டலத்தில் இருக்கின்றன. இரண்டு மண்டலத்துக் கோப்புகளையும் கலந்துவிட்டால் கோடுகள் வேறெங்கோ போய் விழும். அட்சரேகை டிகிரியிலேயே பெட்டி போடுவதும் தவறு. அங்கே பெட்டி சதுரமாக இருக்காது.

கோடு வரைய 30 மீட்டர் எஸ்ஆர்டிஎம் அல்லது கார்ட்டோசாட் உயரத் தரவு போதும். ஹில்ஷேடை (உயரத் தரவின் மேல் ஒளி விழுவதுபோல் நிழலிட்ட படம்) ஒரே ஒளியில் பார்க்காதீர்கள். வடமேற்கிலிருந்து ஒளி விழுந்தால் வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் கோடுகள் மங்கிவிடும். 315, 0, 45, 90 டிகிரி என நான்கு ஒளியிலும் பாருங்கள். திரையை 1:50,000 அளவில் நிறுத்திவிட்டு, முடியும்வரை பெரிதாக்காமல் வரையுங்கள். ஆசைப்பட்டுப் பெரிதாக்கும் இடத்தில் மட்டும் சின்னக் கோடுகள் குவிந்து, பரிமாணம் செயற்கையாகக் கூடும்.

செயற்கைக்கோள் படத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் பொய்க் கோடுகளைக் களைய வேண்டும்: தேசிய நெடுஞ்சாலை 44, கே.ஆர்.பி. அணையின் கால்வாய்கள், மின்கம்பிப் பாதை, கிரானைட் குவாரியின் வெட்டு முகம். டோலரைட் டைக்குகள் (பாறை வெடிப்பில் எரிகுழம்பு புகுந்து இறுகிய சுவர்கள்) கரும்பாறை வரிசையாக நன்றாகத் தெரியும்; ஆனால் நடுநடுவே மண் மூடி அறுந்திருக்கும். எத்தனை மீட்டர் இடைவெளி வரை ஒரே கோடாகச் சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். தென்பெண்ணைக் கரை வயல்களில் கோடு தெரியாததால், பாறையில் முறிவு இல்லை என்று ஆகிவிடாது.

பிறகு எண்ணல். ஒவ்வொரு அளவுக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கட்டம் போட்டு, கோடு தொடும் பெட்டிகளை மட்டும் எண்ணுங்கள். கட்டத்தின் தொடக்கப் புள்ளியைப் பத்து தடவை நகர்த்தி, வந்தவற்றில் மிகக் குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். 12.8 கி.மீ.யில் எல்லாப் பெட்டியும் நிறைந்துவிடும். அதைத் தூக்கிப் போடலாம். 30 மீட்டர் தரவில், கையால் வரைந்த கோட்டில், 200 மீட்டருக்குக் கீழே இறங்குவதும் வீண்.

மடக்கை வரைபடத்தில் கோட்டின் சாய்வுதான் பரிமாணம். எல்லாப் புள்ளிக்கும் ஒரே நேர்கோடு போடும் முன், அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான சாய்வைத் தனியாகக் கணக்கிடுங்கள். பெட்டி பாதியாகும்போது எண்ணிக்கை 400-லிருந்து 1130 ஆனால் விகிதம் 2.83, சாய்வு 1.5. இரண்டு மடங்கானால் 1. நான்கு மடங்கானால் 2.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பெரிய பெட்டிகள் எல்லாம் நிறைந்திருப்பதால் அங்கே சாய்வு 2. சின்னப் பெட்டிக்குள் தனித்தனிக் கோடுதான் தெரியும், அதனால் சாய்வு 1. இரண்டுக்கும் நடுவே 1.8, 1.6, 1.4, 1.2 என்று இறங்கிக்கொண்டே போனால் அது ஃப்ராக்டல் அல்ல, வெறும் மாறுநிலை. அதன் சராசரியை எடுத்து 1.5 என்று அறிக்கையில் எழுதுவதில் பயனில்லை. சாய்வு ஏறக்குறைய மாறாமல் நிற்கும் நீட்சி வேண்டும்; 0.2 முதல் 3.2 கி.மீ. வரை நின்றால் 16 மடங்கு, ஏற்கத்தக்கது. பத்து மடங்குகூட இல்லையென்றால் பரிமாணம் சொல்லாமல் விடுவதே நேர்மை. புள்ளிகள் நேர்கோட்டில் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர்-ஸ்கொயரை நம்ப வேண்டாம். சின்னப் பெட்டிகள் பெரிய பெட்டிகளுக்குள்ளேயே இருப்பதால் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பிழை அளவு பொய்யாகச் சிறுத்துக் காட்டும்.

அடுத்து, கோடுகள் கொத்தாக இருக்கின்றனவா அல்லது தற்செயலாகச் சிதறியவையா என்று பார்க்கும் ஒப்பீடு. ஒவ்வொரு கோட்டின் நீளத்தையும் திசையையும் மாற்றாமல், இடத்தை மட்டும் சதுரத்துக்குள் குலுக்கிப் போடுங்கள்; ஓரத்தைத் தாண்டுவது எதிர்ப்பக்கம் நுழையட்டும். 99 தடவை செய்து, ஒவ்வொன்றையும் அதே முறையில் எண்ணுங்கள். உங்கள் எண்ணிக்கை அந்த 99-இன் வீச்சுக்குள்ளேயே விழுந்தால், கோடுகள் கொத்தாக இருக்கின்றன என்று சொல்ல ஆதாரம் இல்லை.

தர்மபுரி பக்கத்துச் சதுரத்தோடு ஒப்பிட வேண்டுமா? அது 78 டிகிரிக்கு மேற்கே நீளாமல் பார்த்துக்கொண்டு, சதுர அளவு, வரைந்த திரை அளவு (1:50,000), தரவு, வரைந்த ஆள் நான்கையும் ஒன்றாக வையுங்கள். ச.கி.மீ.க்கு எத்தனை கி.மீ. கோடு என்ற அடர்த்தியையும் பக்கத்திலேயே போடுங்கள். பல நேரம் இரண்டு பரிமாணங்களின் வித்தியாசம் வெறும் அடர்த்தி வித்தியாசம்தான். போர்வெல் புள்ளி குறிக்க இந்த எண்ணைக் கேட்டு வருபவர்களுக்குத் தர ஒன்றும் இல்லை. ஒரு சதுரத்துக்கு ஒரே பரிமாணம்தான், அது எந்த வயலையும் சுட்டாது.