ஒரே பெயரில் இரண்டு ஃபங்க்ஷன்: ஜிடிஸ்கிரிப்ட்டில் என்ன செய்யலாம்?

“சித்தி, ஸ்கூல்ல இது ஓடுச்சு. இங்க ஏன் சிவப்பு காட்டுது?”

அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரிலிருந்து பொம்மனஹள்ளியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். கோடோ என்ற கேம் இன்ஜினில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறாள். ஓசூர் சாலையில் சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிவரை ஓர் ஆட்டோவைப் பள்ளங்களில் விடாமல் ஓட்டிச் செல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 2025 ஆகஸ்ட்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் மெட்ரோவையும் பின்னணியில் வரைந்து வைத்திருக்கிறாள்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. ஐசிஎஸ்இ பத்தாம் வகுப்பில் ஜாவாதான் பாடம். ஒரே பெயரில் மூன்று ஃபங்க்ஷன் எழுதச் சொல்லிக் கேட்பது அந்தக் கேள்வித்தாளில் வழக்கம். அதையே இங்கேயும் எழுதியிருந்தாள். கோடோவில் நிரல் எழுதும் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் அதை ஏற்காது. ஏன் ஏற்காது, அதற்குப் பதில் என்ன செய்வது என்று அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கோடோ 4 உங்கள் கணினியில் இருந்தால் போதும்.

ஒரு விஷயம்: கீழே உள்ள நிரலைப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நீங்கள் எடிட்டரில் அடிக்கும்போது ஃபங்க், வார், இஃப் போன்ற கீவேர்டுகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஓவர்லோடிங் என்றால் என்ன

ஒரே பெயரில் பல ஃபங்க்ஷன்கள் வைத்துக்கொள்வதுதான் ஓவர்லோடிங். தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்குப் ‘பணிமிகுப்பு’ என்று பெயர். நமக்கு இது புதிதே இல்லை. ‘அடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார், டயருக்குக் காற்று அடிக்கிறார், பங்கில் பெட்ரோல் அடிக்கிறார், பொங்கலுக்கு வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறார். சொல் ஒன்றுதான், வேலை நான்கு. எந்த வேலை என்பதை முன்னால் நிற்கும் பொருளைப் பார்த்துக் கேட்பவர் புரிந்துகொள்கிறார்.

ஜாவா, சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப் மூன்றும் இதைத்தான் செய்கின்றன. ஃபங்க்ஷனின் பெயரோடு, உள்ளே அனுப்பும் மதிப்புகள் எத்தனை, அவை என்ன வகை என்பதையும் சேர்த்துப் பார்க்கின்றன. கம்பைல் ஆகும்போதே எந்த ஃபங்க்ஷன் என்று முடிவாகிவிடும்.

படி 1: ஓடும் ஒரு ஃபங்க்ஷன்

புது புராஜெக்ட் திறந்து, ஒரு நோடு2டி சேர்த்து, அதற்கு ஸ்கிரிப்ட் இணையுங்கள்.

```
கிளாஸ்_நேம் வண்டி
எக்ஸ்டெண்ட்ஸ் நோடு2டி

வார் உயிர்: இன்ட் = 100

ஃபங்க் அடி_வாங்கு(அளவு: இன்ட்) -> வாய்ட்:
    உயிர் -= அளவு
    பிரிண்ட்(உயிர்)

ஃபங்க் _ரெடி() -> வாய்ட்:
    அடி_வாங்கு(10)
```

ஓட்டிப் பாருங்கள். கீழே 90 என்று வரும்.

படி 2: வேண்டுமென்றே பிழை

இப்போது பள்ளத்துக்கு ஒரு தனி ஸ்கிரிப்ட்.

```
கிளாஸ்_நேம் பள்ளம்
எக்ஸ்டெண்ட்ஸ் ஏரியா2டி

@எக்ஸ்போர்ட் வார் ஆழம்: இன்ட் = 3
```

பிறகு வண்டியின் ஸ்கிரிப்ட்டுக்குத் திரும்பி, அதே பெயரில் இன்னொன்றை எழுதுங்கள்.

```
ஃபங்க் அடி_வாங்கு(குழி: பள்ளம்) -> வாய்ட்:
    உயிர் -= குழி.ஆழம் * 5
```

இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபங்க்ஷன் இருக்கிறது என்று எடிட்டர் உடனே சிவப்பில் சொல்லும். கேம் ஓடாது.

இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். லுவாவில் இதே தவறைச் செய்தால் ஒரு சத்தமும் வராது. அங்கே ஃபங்க்ஷனின் பெயரும் ஒரு வேரியபிள் மாதிரிதான், இரண்டாவதாக எழுதியது முதலாவதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பைத்தானிலும் அப்படியே. எங்கே போயிற்று என்று மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். சிவப்புக் கோடு எவ்வளவோ மேல்.

ஜிடிஸ்கிரிப்ட் ஏன் இப்படி? கோடோ ஒரு ஃபங்க்ஷனைத் தேடும்போது பெயரை மட்டுமே வைத்துத் தேடுகிறது. மோதல் நடந்ததும் பலரும் எழுதும் வரி இது:

```
இஃப் மோதியது.ஹேஸ்_மெத்தட்("அடி_வாங்கு"):
    மோதியது.அடி_வாங்கு(10)
```

அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது? பெயர், அவ்வளவுதான். எத்தனை மதிப்பு, என்ன வகை என்ற பேச்சே இல்லை. சிக்னலை, அதாவது ஏதோ நடந்தது என்று ஒரு நோடு அனுப்பும் அறிவிப்பை, ஒரு ஃபங்க்ஷனோடு இணைக்கும்போதும் பெயர்தான் அடையாளம். அந்தப் பெயரில் இரண்டு இருந்தால் கோடோ எதைக் கூப்பிடும்? அதனால்தான் ஒரு கிளாஸில் ஒரு பெயருக்கு ஒரே ஃபங்க்ஷன்.

சரி, இரண்டாவதை அழித்துவிடுங்கள். மாற்று வழிகளுக்குப் போவோம்.

படி 3: விட்டால் நிரப்பிக்கொள்ளும் மதிப்பு

லாரி இடித்தால் ஆட்டோ ஒரு பக்கமாகத் தள்ளப்பட வேண்டும், பள்ளத்தில் விழுந்தால் தள்ள வேண்டாம். ஜாவாவில் இதற்கு இரண்டு ஃபங்க்ஷன் எழுதுவார்கள். இங்கே ஒன்றே போதும்.

```
ஃபங்க் அடி_வாங்கு(அளவு: இன்ட், திசை: வெக்டர்2 = வெக்டர்2.ஜீரோ) -> வாய்ட்:
    உயிர் -= அளவு
    பொசிஷன் += திசை * 20
    பிரிண்ட்(உயிர்)
```

அடி_வாங்கு(10) என்றாலும் ஓடும், அடி_வாங்கு(20, வெக்டர்2(-1, 0)) என்றாலும் ஓடும். திசையைச் சொல்லாமல் விட்டால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும், வண்டி நகராது.

இப்படி மதிப்பு கொடுத்து வைப்பவை எப்போதும் கடைசியில் வர வேண்டும். இன்னொன்று, ஜிடிஸ்கிரிப்ட்டில் பெயர் சொல்லி மதிப்பு அனுப்ப முடியாது. இப்படி விட்டாலும் ஓடும் விருப்ப மதிப்புகள் மூன்று இருந்து மூன்றாவதை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், அதற்கு முன்னால் இருக்கும் இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் நான் ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

படி 4: வகையை நாமே பார்ப்பது

எண்ணிக்கை வேறுபட்டால் மேலே சொன்னது போதும். வகையே வேறானால்? ஒரு தடவை எண் வருகிறது, இன்னொரு தடவை பள்ளமே வருகிறது. மதிப்புக்கு வகை எழுதாமல் விட்டால் ஜிடிஸ்கிரிப்ட் எதையும் உள்ளே விடும். வந்தது என்ன என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

```
ஃபங்க் அடி_வாங்கு(எது) -> வாய்ட்:
    இஃப் எது இஸ் இன்ட்:
        உயிர் -= எது
    எலிஃப் எது இஸ் பள்ளம்:
        உயிர் -= எது.ஆழம் * 5
    எல்ஸ்:
        புஷ்_எரர்("இது எனக்குப் புரியவில்லை")
```

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் விடை இதுதான். என் அக்கா மகளும் இதைத்தான் பிடித்துக்கொண்டாள், இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. அப்புறம் கேமில் மழை சேர்த்தாள். மழை நேரத்தில் சேதம் ஒன்றரை மடங்கு, அதாவது 10 * 1.5. அன்றிலிருந்து மழையில் ஆட்டோவுக்கு எதில் மோதினாலும் அடியே படவில்லை.

காரணத்தைக் கவனியுங்கள். 10-ஐ 1.5-ஆல் பெருக்கினால் வருவது 15.0, அது தசம எண். நமக்கு 15-ம் 15.0-ம் ஒன்றுதான், ‘இஸ் இன்ட்’ என்ற கேள்விக்கு அவை இரண்டும் வேறு. 15.0 முழு எண் இல்லை, பள்ளமும் இல்லை, நேராக எல்ஸுக்குப் போய்விட்டது. கீழே டீபக்கரில் பிழைச் செய்தி வரிசையாக வந்துகொண்டுதான் இருந்தது, கேம் நிற்காததால் அவள் அங்கே பார்க்கவே இல்லை.

படி 3-இல் எழுதியது போல ‘அளவு: இன்ட்’ என்று வகை சொல்லியிருந்தால், ஜிடிஸ்கிரிப்ட் 15.0-ஐத் தானே 15 ஆக்கிக்கொண்டிருக்கும். 7 * 1.5 என்று 10.5 வந்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி 10 ஆக்கும். அனுப்புவது தசம எண் என்று எடிட்டருக்கு முன்பே தெரிந்தால் மஞ்சள் எச்சரிக்கையும் காட்டும். வகையை எழுதாமல் விட்ட அந்த நிமிடமே இந்தக் காவல் எல்லாம் போய்விடுகிறது. எழுதும்போதே பிடிபட வேண்டிய தவறு, விளையாடும்போது வந்து நிற்கிறது. புள்ளி வைத்தவுடன் எடிட்டர் காட்டும் பரிந்துரைப் பட்டியலும் சரியாக வராது.

இந்த வழியே கூடாது என்று சொல்ல மாட்டேன். எதை வேண்டுமானாலும் வாங்கித் திரையில் காட்டும் சோதனைக் கருவி மாதிரி ஏதாவது எழுதினால் இது பொருந்தும். அப்போது ‘எது இஸ் இன்ட் ஆர் எது இஸ் ஃப்ளோட்’ என்று இரண்டையும் கேளுங்கள்.

படி 5: வேறு பெயர் வைப்பது

நான் பரிந்துரைப்பது இதைத்தான். கோடோவை எழுதியவர்களே இதைத்தான் செய்திருக்கிறார்கள். குறியை நீக்கி எண்ணின் அளவை மட்டும் தரும் ஃபங்க்ஷன் ஏபிஎஸ். அது முழு எண், தசம எண், வெக்டர் என்று பல வகைகளை வாங்கும். அதன் பக்கத்திலேயே முழு எண்ணுக்கு ஏபிஎஸ்ஐ, தசம எண்ணுக்கு ஏபிஎஸ்எஃப் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். கிளாம்ப், கிளாம்ப்ஐ, கிளாம்ப்எஃப் மூன்றும் அப்படித்தான். முப்பரிமாண நோடில் லுக்_அட் இருக்கிறது. இன்னோர் இடத்துக்கு நகர்ந்து அங்கிருந்து பார்க்க வேண்டும் என்றால் அதே பெயரை மறுபடி பயன்படுத்தாமல் லுக்_அட்_ஃப்ரம்_பொசிஷன் என்று நீளமாகவே வைத்திருக்கிறார்கள். பெயர் நீளம்தான், படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. வெக்டர்2 என்று எழுதி ஒன்றும் கொடுக்காமலும் விடலாம், இரண்டு எண்ணும் கொடுக்கலாம், இன்னொரு வெக்டரையும் கொடுக்கலாம். இன்ஜினுக்குள்ளேயே இருக்கும் வகைகளை உருவாக்கும்போது மட்டும் இந்த வசதி உண்டு. நாம் எழுதும் கிளாஸுக்குக் கிடையாது.

நம் ஆட்டோவுக்கு வருவோம். படி 3-இல் எழுதிய ஃபங்க்ஷனை அப்படியே திரும்பக் கொண்டுவந்து, அதன் கீழே இதைச் சேருங்கள்.

```
ஃபங்க் பள்ளத்தில்_விழு(குழி: பள்ளம்) -> வாய்ட்:
    அடி_வாங்கு(குழி.ஆழம் * 5)
```

கவனித்தீர்களா, இரண்டாவது ஃபங்க்ஷன் உயிரைத் தானே தொடவில்லை. கணக்குப் போட்டு முதலாவதிடம் கொடுத்துவிடுகிறது. நாளைக்கு ஹெல்த் பார் சேர்த்தாலும், உயிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் தடுத்தாலும், மாற்ற வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. ஸ்பீட் பிரேக்கர், மாடு, தண்ணீர் லாரி என்று எத்தனை வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் ஒரு ஃபங்க்ஷன் எழுதினால் போதும்.

கோடோ 4.5-இல் எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்க்ஷனும் எழுதலாம். கடைசி மதிப்பின் பெயருக்கு முன்னால் மூன்று புள்ளி வைத்தால், மிச்சமெல்லாம் ஓர் அரேயாக வந்து சேரும். பல எண்களைக் கூட்டுவது போன்ற வேலைக்கு அது நல்லது. வகை பார்த்துப் பிரிக்க அதைப் பயன்படுத்தினால் படி 4-இன் தொல்லை அப்படியே திரும்பி வரும்.

படி 6: லாரி, வண்டியின் பிள்ளை

ஓவர்லோடிங்கோடு பலரும் குழப்பிக்கொள்வது ஓவர்ரைடிங். வண்டி என்ற கிளாஸிலிருந்து லாரியை உருவாக்கி, அதே பெயரில் ஃபங்க்ஷனை மறுபடி எழுதலாம், அது தப்பில்லை. ஆனால் பெற்றவர் வாங்கும் மதிப்புகளைப் பிள்ளையும் வாங்கியே ஆக வேண்டும். கூடுதலாக ஒன்று வேண்டுமானால் அதற்கு விருப்ப மதிப்பு கொடுத்துவிடுங்கள்.

```
எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி

ஃபங்க் அடி_வாங்கு(அளவு: இன்ட், திசை: வெக்டர்2 = வெக்டர்2.ஜீரோ, சுமை: இன்ட் = 0) -> வாய்ட்:
    சூப்பர்(அளவு + சுமை, திசை)
```

சுமைக்குப் பக்கத்தில் இருக்கும் ‘= 0’ என்பதை எடுத்துப் பாருங்கள், பிழை வரும். வண்டி என்று நினைத்து அடி_வாங்கு(10) என்று கூப்பிடுபவருக்கு, எதிரே நிற்பது லாரி என்று தெரியாது. அவர் எழுதியது லாரியிடமும் ஓட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டாயம்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

வண்டியின் ரெடி ஃபங்க்ஷனை இப்படி மாற்றுங்கள்.

```
ஃபங்க் _ரெடி() -> வாய்ட்:
    வார் குழி := பள்ளம்.நியூ()
    குழி.ஆழம் = 3
    அடி_வாங்கு(10)
    பள்ளத்தில்_விழு(குழி)
    அடி_வாங்கு(20, வெக்டர்2(-1, 0))
    குழி.ஃப்ரீ()
```

90, 75, 55 என்று மூன்று எண்கள் வரிசையாக வர வேண்டும், வண்டி இடப்பக்கம் 20 பிக்ஸல் நகர்ந்திருக்க வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சீனில் சேர்க்காமல் நியூ போட்டு உருவாக்கிய நோடை நாம் விடுவிக்காவிட்டால் அது மெமரியிலேயே தங்கிவிடும். மூன்று எண்களும் சரியாக வந்தால் முதல் அடியை அடி_வாங்கு(10 * 1.5) என்று மாற்றி ஓட்டுங்கள். 85, 70, 50 வரும். மழையிலும் ஆட்டோவுக்கு இப்போது அடி படுகிறது.