குத்திக் குத்திக் கயிறாகிப்போன கைக்கு என்ன செய்யலாம்

சிங்கப்பூரில் அம்மாவுக்குக் கீமோ ஆரம்பித்து நாலாவது மாதம். ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மிஸ்ஸி, அதாவது தாதி, முழங்கை மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்கலையேம்மா" என்கிறார். அன்றைக்கு மட்டும் ஐந்து குத்து. வீட்டுக்கு வந்து அந்தக் கையால் அம்மாவுக்குச் சட்டினி அரைக்கும் மிக்ஸி மூடியைக்கூடத் திருக முடியவில்லை. இது அந்தக் கையை வைத்து நாங்கள் கற்றுக்கொண்டது. அடிக்கடி ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், கூடப் போகிறவர்கள் எல்லாருக்கும் உதவும்.

முதலில் ஒரு சொல் விஷயம். நாம் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், வலியைக் கடத்துகிற நரம்பையும் நரம்பு என்கிறோம். ஊசி உள்ளே போகும்போது கரண்ட் அடித்த மாதிரி விரல் நுனிவரை பாய்ந்தால், "நரம்பு வலிக்குது" என்று சொன்னால் போதாது, "கரண்ட் அடிக்குது, எடுத்துடுங்க" என்று உடனே சொல்ல வேண்டும். அது உணர்வு நரம்பில் பட்டதற்கான அடையாளம், ஊசியை அந்த நிமிடமே எடுத்தாக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் பொறுத்துக்கொள்வது நல்லதே இல்லை.

குழாய் ஏன் கெட்டுப்போகிறது என்றால், ஒவ்வொரு குத்தும் அதன் சுவரில் ஒரு சின்னத் தழும்பை விட்டுவிட்டுப் போகிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தழும்பின்மேல் தழும்பு விழுந்து சுவர் தடித்துவிடும். டிரிப்பில் போகிற மருந்தும் ஒரு காரணம். வான்கோமைசின், பொட்டாசியம், சில கீமோ மருந்துகள் எல்லாம் உள்சுவரை எரித்து வீங்க வைக்கும், உள்ளே ரத்தம் உறைந்து தொட்டால் கயிறு மாதிரி தட்டுப்படும். அது இளகச் சில வாரம் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். சில குழாய்கள் மூடியே போய்விடும், ஆனால் ரத்தம் பக்கத்துக் குழாய்களில் வழி பார்த்துக்கொள்ளும் என்பதால் கைக்கு ஆபத்தில்லை. அடுத்த முறை குத்த இடம் குறைகிறது என்பதுதான் பிரச்சினை.

அதனால் ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாளிலிருந்தே வேலை தொடங்குகிறது. எங்கள் வீட்டில் வெறும் வயிறு என்றால் தண்ணீர்கூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா இரவு ஒன்பது மணிக்கு வாயைக் கட்டினால் காலை பத்து மணிவரை ஒரு சொட்டு குடிக்கமாட்டார். சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதற்கான வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், கோப்பியும் தேநீரும்தான் கூடாது. அறுவைச் சிகிச்சைக்கு முன் இருக்கும் பட்டினி வேறு, அதற்கு அவர்கள் சொன்னபடிதான். தண்ணீர் குறைந்தால் குழாய் சுருங்கி உள்ளே போய்விடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டாதீர்கள். நோன்பு வைப்பவர்கள் விடியலுக்கு முந்தின சஹர் சாப்பாட்டில் நன்றாகக் குடித்துவிட்டு, அன்றைக்குக் கிடைக்கிற முதல் நேரத்தை வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம் குளிர். வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே ஏர்கான் பனிக்கட்டி மாதிரி. பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், முக்கால் மணி நேரம் காத்திருந்தால் கை சில்லிட்டு, காலையில் தெரிந்த குழாய் காணாமல் போயிருக்கும். முழுக்கைச் சுவெட்டர் போட்டுக்கொண்டு போங்கள். அம்மா செய்வது இதுதான்: நான் கீழேயிருந்து எனக்காகக் கட்டி வாங்கி வருகிற சூட்டுக் கோப்பிப் பையைக் கைக்குட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முழங்கை மடிப்பில் பத்து நிமிடம் வைத்துக்கொள்வார், எண் வந்து கூப்பிடும்போது குழாய் மேலே எழும்பியிருக்கும். நீரிழிவால் கை மரத்துப்போனவர்கள் சூட்டைத் தாங்களே கணிக்காமல் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சுட்டாலும் தெரியாது. காத்திருக்கும்போது கையைக் கீழே தொங்கவிடுங்கள். விரலைப் படபடவென்று மூடித் திறக்காதீர்கள், மெதுவாக ஒருமுறை மூடினால் போதும். அதிகம் பிசைந்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டி, மறுபடி வாருங்கள் என்று கூப்பிடுவார்கள், இன்னொரு குத்து.

நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். நம் ஆட்கள் இதில் ரொம்பக் கூச்சப்படுகிறோம், "அவங்களுக்குத் தெரியாததா" என்று வாயை மூடிக்கொள்கிறோம். உங்கள் கையை இந்த மிஸ்ஸி இன்றுதான் பார்க்கிறார், நீங்கள் வருடக்கணக்காகப் பார்க்கிறீர்கள். போன முறை எந்த இடத்தில் கிடைத்தது, எந்த இடம் கயிறாகிவிட்டது என்று காட்டுங்கள். இரண்டு பக்கமும் இறக்கை வைத்த சின்னப் பட்டர்ஃப்ளை ஊசி கிடைக்குமா என்று கேளுங்கள். டிரிப் ஊசி என்றால் நிறத்தை வைத்துச் சொல்லலாம்: மஞ்சள் 24, நீலம் 22, ரோஸ் 20, எண் கூடக் கூட ஊசி மெல்லியது. சின்னதுதான் வேண்டும் என்று எப்போதும் பிடிவாதம் பிடிக்க முடியாது, ஸ்கேனுக்கு வேகமாக மருந்து ஏற்றப் பெரிய ஊசி தேவைப்படும். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், மூன்றாவது குத்துக்கு முன்னால் நிறுத்தி, "வேற யாராவது சீனியர் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். குழாயை ஒளியில் காட்டுகிற கருவி, அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுகிறவர் என்று பெரிய மருத்துவமனைகளில் வழி இருக்கிறது, கேட்டால்தான் வரும்.

எடுத்த பிறகு கையை மடக்காதீர்கள். எல்லாரும் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அதில்தான் கசிந்து கன்னிப்போகிறது. கையை நீட்டி, விரலால் அழுத்தி, முழுசாக மூன்று நிமிடம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல். அன்றைக்குச் சாமான் பையை அந்தக் கையில் தூக்க வேண்டாம்.

டிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு முறை வார்டில் ராத்திரி டிரிப் மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே சதைக்குள் கசிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு எரிந்திருக்கிறது, "தூங்குற நேரத்துல மிஸ்ஸியைத் தொந்தரவு பண்ணணுமா" என்று மணியை அழுத்தவில்லை. காலையில் நான் போனபோது புறங்கை பூரி மாதிரி உப்பியிருந்தது, தங்க வளையல் சதைக்குள் அமுங்கி ஒரு நூல் இடம்கூட இல்லை, சோப்புத் தண்ணீர் விட்டு இருபது நிமிடம் நகர்த்தி நகர்த்தித்தான் கழற்றினோம். ஆகவே ஊசி போடும் முன்பே வளையல், மோதிரம், மணிக்கட்டுக் கயிறு எல்லாம் கழற்றிவிடுங்கள். ஊசி இருக்கிற கையையும் இன்னொரு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தடித்திருந்தால், சில்லென்று இருந்தால், எரிந்தால் மணியை அழுத்துங்கள். தமிழ் பேசாத மிஸ்ஸி என்றால் பெரியவர்களுக்கு மலாயில் "சாகித்" (வலிக்கிறது) என்ற ஒரு சொல் போதும், கையைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கீமோ மருந்து கசிந்தால் அது அவசரம். நீங்களாகச் சூடும் வைக்காதீர்கள், ஐஸும் வைக்காதீர்கள், ஒரு மருந்துக்குச் சூடு, இன்னொன்றுக்குக் குளிர்ச்சி, மாற்றி வைத்தால் கேடு.

சாதாரண வீக்கம், கயிறு மாதிரி தடிப்பு என்றால் வீட்டில் கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், வெதுவெதுப்பான ஈரத்துணி ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஹிருடாய்டு களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும், புண்ணோ திறந்த காயமோ இருந்தால் அதன்மேல் தடவக் கூடாது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். கோடாலித் தைலம் போட்டு உருவிவிடுவது நம் கைவைத்தியம், இதற்கு வேண்டாம், உள்ளே உறைந்திருக்கிற ரத்தத்தை அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. சிவப்பு கோடாக மேலே ஏறினால், சீழ், காய்ச்சல், கை முழுக்க வீக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கீமோவில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கவே கூடாது. நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

குத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் செவ்வாய் எடுத்ததையே மருத்துவமனையில் வியாழன் மறுபடி எடுப்பது அம்மாவுக்கு நடந்தது. இப்போது ஹெல்த்ஹப் செயலியில் முடிவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டே போகிறேன், "இது போதுமா, இரண்டு டாக்டரும் கேட்டதை ஒரே குத்தில் எடுக்கலாமா" என்று கேட்கிறேன். பல முறை சரி என்றார்கள்.

சிகிச்சை நீளமாகப் போகும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே போர்ட் பற்றிக் கேளுங்கள், நாங்கள் கை கெட்ட பிறகு கேட்டோம். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கிற சின்ன டப்பி அது, வெளியே எதுவும் தொங்காது. மேல்கையில் போட்டு அப்படியே விட்டுவைக்கிற நீளமான மெல்லிய குழாயான பிக் லைன் இன்னொன்று, நம் ஊர் வியர்வையில் அதன் பிளாஸ்திரி ஓரம் சீக்கிரம் எழும்பும், எழும்பினால் குறித்த நாள்வரை காத்திருக்காமல் போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்கள், பின்னால் டயாலிசிஸ் வரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் பிக் லைனுக்குத் தலையாட்டும் முன் சிறுநீரக மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்கிற ஃபிஸ்டுலா அமைக்க நல்ல குழாய் வேண்டும், பழக்கமில்லாத கையின் முன்கையை அதற்காகவே விட்டுவைத்து, முடிந்தவரை புறங்கையில் எடுக்கச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கிற நீரிழிவு இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மார்பகப் புற்றுக்கு அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்கள் அந்தப் பக்கக் கையைக் கொடுக்கும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கைபேசியில் ஒரு குறிப்பு. ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் அந்த மூன்று நிமிடத்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். போன வாரத்தது: "வலது புறங்கை, இரண்டு குத்து, கிடைக்கலை. இடது முன்கை, கட்டைவிரல் பக்கம், பட்டர்ஃப்ளை, ஒரே குத்து. கோப்பிப் பை வச்சது."