காட்டுக்கு இடுப்புல மாட்டிட்டுப் போக ஒரே ஒரு கத்தி, எதைப் பாத்து வாங்கணும்?

புஷ்கிராஃப்ட் கத்தின்னு (காட்டுல கிடைக்குறத வச்சு தங்கி சமாளிக்குறதுக்கான கத்தி) தேடுனீங்கன்னா முதல்ல கண்ணுல படுறது எல்லாம் முழ நீளத்துக்கு, முதுகுல ரம்பப் பல்லு வச்சு, கருப்பு கோட்டிங் அடிச்சு, பிடிக்குள்ள காம்பஸ் ஒளிச்சு வச்ச சாமான்தான். அதை அப்படியே தள்ளிட்டு மேல போங்க. காட்டுல ஒரு நாள் பூரா கத்தி பாக்குற வேலை என்னன்னு யோசிங்க: கயிறு அறுக்கணும், வெங்காயம் நறுக்கணும், தார்ப்பாய் கட்ட முளைக்குச்சி சீவணும், தீ மூட்ட காஞ்ச குச்சிய சுருள் சுருளா சீவணும், பொழுது இருந்தா ஒரு மரக்கரண்டி செதுக்கணும், அவ்ளோதான். இதுல ஒண்ணுக்கும் பெரிய கத்தி வேணாம். மரம் வெட்டுற வேலைய கத்தி தலையில கட்டுறதாலதான் எல்லாரும் தேவையில்லாம தடியா வாங்குறாங்க. அதுக்கு மடக்கு ரம்பம் இருக்கு, கோடாலி இருக்கு, நம்ம ஊர்ப்பக்கம்னா அருவா இருக்கு. திருப்பாச்சேத்தி அருவா ஒண்ணு கையில இருக்கறவருக்கு இடுப்புல இருக்குற கத்தி குட்டியா இருந்தா என்ன குறைஞ்சிடும்?

அதனால என் கணக்கு இதுதான். அலகு நீளம் 9ல இருந்து 11 சென்டிமீட்டர், அதாவது 4 இஞ்சு பக்கம். தடிமன் 2.5ல இருந்து 3.2 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் தடிமன் கத்தி பாக்க கெத்தா இருக்கும், ஆனா ஒரு ஆப்பிள நறுக்கிப் பாருங்க, நறுக்காது, ஆப்பு மாதிரி பொளந்து விட்டுடும். மணிக்கட்டு தடிமன் விறகக் கத்தி முதுகுல கட்டையால தட்டிப் பிளக்குறதுக்கு 3 மில்லிமீட்டர் தாராளம், அதுவும் முடிச்சு இல்லாத நேரான கட்டையா பாத்து எடுத்தா.

மடக்குக் கத்தியா, மடங்காத கத்தியான்னு கேட்டா, காட்டுக்கு மடங்காததுதான். மடக்குற இடத்துல மண்ணு போவும், மீன் செதில் போவும், கழுவுறது ரோதனை. இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் போறத ஃபுல் டாங்னு சொல்லுவாங்க, அது இல்லாட்டி கத்தியே இல்லங்குற மாதிரி ஒரு கூட்டம் பேசும், நம்பாதீங்க. பிடிக்குள்ள பாதி, முக்கால் தூரம் ஒல்லியா வால் போற கத்திய வச்சுத்தான் ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து ஆளுங்க தலைமுறை தலைமுறையா காட்டுல வேலை பாக்குறாங்க. குளிர்ல கை விறைக்கும்போது இரும்பு விரல்ல படாம இருக்கறது ஒரு சுகம், வெயிட்டும் கம்மி. விறகு பொளக்குறதே முக்கிய வேலைன்னா மட்டும் ஃபுல் டாங் பாருங்க.

அடுத்தது வாய், அதாவது வெட்டுற பக்கம், எப்படி சரிச்சிருக்குன்னு பாக்கணும், இதுலதான் கத்தியோட குணமே இருக்கு. ஸ்காண்டி கிரைண்ட்னு ஒண்ணு, அலகோட ரெண்டு பக்கமும் கீழ்ப்பாதியில மட்டும் ஒரே ஒரு அகலமான சரிவு, அது அப்படியே போயி கூர்ல முடியும். மரம் சீவ இதுதான் ராஜா, ஏன்னா அந்த அகலமான சரிவு மரத்துல படிஞ்சு உக்காந்துக்கும், எவ்ளோ ஆழம் போகணும்னு கை தானா முடிவு பண்ணும். தீட்டுறதும் சுலபம், கோணம் எல்லாம் யோசிக்க வேணாம், சரிவ அப்படியே கல்லுல படுக்க வச்சு தேய்க்க வேண்டியதுதான், அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு கண்ண மூடிட்டு இதத்தான் சொல்லுவேன். கேரட் நறுக்குனா மட்டும் படக்குனு உடைச்சு விடும். அதோட இந்த வாய் பிர்ச், பைன் மாதிரி இளகுன மரத்துல பழகுனது, காஞ்ச சீமைக்கருவேலத்துல போயி மல்லுக்கட்டுனா கூர் மடிஞ்சுடும். அப்படி மரம்தான் உங்களுக்கு கிடைக்கும்னா தீட்டி முடிச்சதும் கத்திய ஒரு நூல் தூக்கிப் பிடிச்சு ரெண்டு மூணு இழுப்பு இழுத்து நுனியில கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சரிவு போட்டுக்கங்க, நிக்கும். முதுகுல இருந்தே சரிஞ்சு வர்ற ஃபிளாட் கிரைண்ட் சமையலுக்கு நல்லா இருக்கும், மரத்துல கொஞ்சம் வழுக்கும்.

கார்பன் ஸ்டீலா ஸ்டெயின்லெஸ்ஸாங்குற சண்டை முடியவே முடியாது. கார்பன் சட்டுனு கூர் ஏறும், ஆனா ஈரத்தோட உறையில வச்சா காலையில துரு. புளிப்பு பட்டா கறுக்கும், எலுமிச்சையிலயும் மாங்காயிலயும் இரும்பு வாசம் ஏறும். கொஞ்ச நாள்ல மேல சாம்பல் நிறத்துல ஒரு படலம் வரும், அது துரு இல்ல, தேச்சு எடுக்காதீங்க, அதுவே ஓரளவு காப்பாத்தும். கடலோரமா இருக்கறவங்க, கத்திய கழுவித் துடைக்க சோம்பல் படுறவங்க, காட்டுலயும் வகையா சமைச்சு சாப்பிடுறவங்க ஸ்டெயின்லெஸ் எடுங்க. ஸ்வீடன் ஸ்டீல்ல 12சி27, 14சி28என்ங்குற ஸ்டெயின்லெஸ் ரகம் ரெண்டும் சாதாரண கல்லுலயே நல்லா தீட்ட வரும், ஸ்டெயின்லெஸ் தீட்ட வராதுங்குற பழைய காலத்துப் பேச்சக் கேட்டு பயப்பட வேணாம்.

இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. ஃபெரோ ராட்ல, அதாவது சுரண்டுனா தீப்பொறி பறக்குற உலோகக் குச்சியில, பொறி பறக்க கார்பன் கத்திதான் வேணும்னு நினைக்கிறாங்க. இல்ல, அந்தப் பொறி ராட்ல இருந்து வர்றது, கத்தி முதுகோட விளிம்பு 90 டிகிரியில கூர்ப்பா இருந்தா போதும், ஸ்டெயின்லெஸ்ஸே பொறி கிளப்பும். சிக்கிமுக்கிக் கல்லுல தட்டுறதுக்குத்தான் இறுகுன கார்பன் ஸ்டீல் வேணும், அங்க இரும்புத்துகள்தான் எரியுது. முதுகு உருண்டையா இருந்தா நல்ல அரம் வச்சு ஒரு பெருவிரல் நீளத்துக்கு மட்டும் சமமா ராவிக்கங்க. முழு முதுகையும் ராவிட்டா கட்டைவிரல் வச்சு அழுத்தும்போது அறுக்கும்.

பிடிக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும், ஆனா வாங்குறவங்க கடைசியா பாக்குறது அதத்தான். விரலுக்கு விரல் பள்ளம் வச்ச பிடி போட்டோல அழகா இருக்கும், கத்திய திருப்பிப் பிடிச்சா, நெஞ்சுப்பக்கம் இழுத்துச் சீவுனா அந்த மேடெல்லாம் உள்ளங்கையில குத்தும். பீப்பா மாதிரி நடுவுல லேசா உப்புன சாதா பிடிதான் நாள் பூரா தாங்கும். வாங்குனதும் வீட்டுலயே கொய்யா, வேம்பு, எது கிடைக்குதோ ஒரு பச்சைக் குச்சிய எடுத்து அரைமணி நேரம் கூர் சீவிக்கிட்டே இருங்க, கையில எங்க செவக்குதுன்னு தெரிஞ்சுடும். செவந்த எடத்துல பிடி மரமா இருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ச்சுக்கலாம், பிளாஸ்டிக்கா இருந்தா வேற கத்தி பாக்க வேண்டியதுதான். சீவும்போது முழங்கால்ல முழங்கை ஊன்றி, கத்தி காலுக்கு வெளிய போற மாதிரி உக்காருங்க. தொடை இடுக்குல வச்சு சீவவே கூடாது, உள்தொடையில பெரிய ரத்தக்குழாய் போவுது, அங்க பட்டா ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்காது.

உறைய தலைகீழா புடிச்சு உதறுங்க, கத்தி விழுந்தா வேணாம். தோல் உறை பாக்க லட்சணம், மழையிலயும் நம்ம ஊர் ஈரத்துலயும் பூஞ்சை புடிக்கும், கத்திய உள்ளயே விட்டு வச்சா துருவும் புடிக்கும்.

பேர் சொல்லுங்கன்னு கேட்டா, ஸ்வீடன்ல டாலர்னா பகுதியில மோரான்னு ஒரு ஊர், 1891ல இருந்து அங்க கத்தி பண்றாங்க, அந்த மோராவோட கம்பேனியன் மாடல்தான் என் இடுப்புல இருக்கு, ஸ்டெயின்லெஸ். அலகு 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 2.5 மில்லிமீட்டர் தடிமன், ஸ்காண்டி. விலை கம்மி, அதுதான் அதோட பெரிய பலமே, கெட்டுப் போயிடுமோன்னு பயந்து பையிலயே வச்சிருக்க மாட்டீங்க. முதுகு மட்டும் ராவணும். அதே கம்பெனியோட கார்பெர்க் ஃபுல் டாங், முதுகு ஃபெரோ ராடுக்கு ரெடியாவே வரும், காசும் பல மடங்கு. மரப்பிடி ஆசை இருந்தா நார்வேயோட ஹெல்லே பாருங்க. ஃப்ரான்ஸோட ஓபினெல் 8ஆம் நம்பர் மடக்குக் கத்தி, 8.5 சென்டிமீட்டர் அலகு, சாப்பாட்டுக்கு அருமை, ஆனா மழையில மரப்பிடி ஊறிட்டா திறக்க வராது. நம்ம ஊர்லயே கொல்லர் பட்டறையில லாரி ஸ்பிரிங் பிளேட்ல அடிச்சுத் தருவாங்க, 3 மில்லிமீட்டர்னு அழுத்திச் சொல்லுங்க, சும்மா விட்டா அருவா தடிமன்ல வரும்.

கூட தீட்டுறதுக்கு ஒரு 1000 கிரிட் (கல்லு எவ்ளோ நைஸுன்னு சொல்ற நம்பர்) கல்லும், கடைசியா உருவி விட பழைய தோல் பெல்ட்டும் போதும். சரிவுல மார்க்கர் பேனாவால மை தடவிட்டு தேய்ச்சா எங்க கல்லு படல்லன்னு காட்டிக் குடுத்துடும்.

சட்டம் கட்டாயம் பாருங்க. இங்கிலாந்துல 3 இஞ்சுக்கு உட்பட்ட கூர் இருக்குற, லாக் ஆகாத, அதாவது திறந்ததும் அலகு பூட்டிக்காத, மடக்குக் கத்திய மட்டும்தான் காரணம் இல்லாம பாக்கெட்ல வச்சுக்கலாம், ஓபினெல் 8 லாக் ஆகும், அதனால அது கூட இதுல சேராது. மடங்காத கத்திய கேம்பிங் போறப்ப எடுத்துட்டுப் போயி வந்ததும் வீட்டுல வச்சிருங்க, கார்லயே விட்டுடாதீங்க. இந்தியாவுல சரணாலயம், தேசியப் பூங்கா பக்கம் கத்தியோட போகவே போகாதீங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்ங்குற பட்டியல்ல கத்தியும் இருக்கு, எழுத்துல அனுமதி இல்லாம அதோட உள்ள போறது குற்றம். சொந்தத் தோட்டம், தெரிஞ்சவங்க தோப்புன்னு பாத்துப் பழகுங்க, ஃப்ளைட்ல போனா செக்-இன் பேக்ல போடுங்க.