ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தால்: தோட்டப் பட்டண மக்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நம் பட்டணங்களில் ஆறு கறுத்து மீன் செத்து மிதந்தால், முதலில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படம் வரும். பிறகு யாராவது சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளரைத் தொலைபேசியில் அழைப்பார். இரண்டு நாளில் மழை பெய்து தண்ணீர் தெளிந்ததும் பேச்சும் அடங்கிவிடும். அந்த இரண்டு நாளில் எழுத்து மூலமாக எதுவும் பதிவாகவில்லை என்றால், அடுத்த முறை ஆறு கறுக்கும்போது சட்டத்தின் கணக்கில் அதுவே முதல் முறையாகிவிடுகிறது. ஆலைக்கு உரிமம் கொடுத்த துறையிடம், உரிய நேரத்தில், எழுத்தில் புகார் பதிவாக வேண்டும். பின்னர் நாம் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் அந்தப் பதிவே அடித்தளம்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேரா மக்கள், அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுத்த ஓர் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1993-இல் அன்றைய உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அணுசக்தி உரிம வாரியத்திடம் இருக்கும்போது, மக்கள் முதலில் அந்த வாரியத்தை நாடியிருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆலை மறு ஆண்டே மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது என்றாலும், எட்டு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய மக்களுக்குக் கடைசித் தீர்ப்பு சாதகமாக அமையவில்லை. உரிமம் வழங்கிய துறையைத் தாண்டிக்கொண்டு நேரே நீதிமன்றத்துக்குப் போவதில் உள்ள ஆபத்தை நம் நாட்டு மக்களே அனுபவித்துக் காட்டியிருக்கிறார்கள்.

செம்பனை ஆலையைப் பொறுத்தவரை அந்தத் துறை, ஜாபத்தான் ஆலாம் செகித்தார் என்று நாம் அறிந்த சுற்றுச்சூழல் துறை. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் ஆலை நடத்துவதற்கே அத்துறையின் உரிமம் வேண்டும். ஆற்றை மாசுபடுத்துவது அச்சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி குற்றம். இக்குற்றத்துக்கு முன்பு 1 லட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம், 2024-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. இவற்றோடு செம்பனை ஆலைகளுக்கென்றே 1977-இல் தனி விதிமுறைகள் வந்தன. நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த விதிமுறைகளைத்தான்.

ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் கழிவுநீர் மிஞ்சுகிறது. ஆலையிலிருந்து வெளிவரும்போது அது கொதிக்கும் சூட்டில், புளித்த வாடையுடன், கெட்டியான பழுப்பு நிறத்தில் இருக்கும். தண்ணீரில் உள்ள உயிர்க்காற்றை அது எவ்வளவு உறிஞ்சும் என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் குறிக்கிறார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் அது லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம். குளம் குளமாக மாற்றிப் பல வாரங்கள் நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைத்த பிறகு ஆற்றில் விடப்படும் நீரில் அது 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது 1984 முதல் நடப்பில் உள்ள பொது வரம்பு. சில ஆலைகளின் உரிமத்தில் இதைவிடக் கடுமையான வரம்பும் விதிக்கப்பட்டிருக்கும். வெப்பம் 45 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது.

இந்த விதிமுறைகளின் பட்டியலில் நிறம் இல்லை. முறையாகச் சுத்திகரித்த ஆலை நீரும் கடுங்காப்பி நிறத்தில்தான் ஓடும். ஆகவே "தண்ணீர் கறுப்பாக இருக்கிறது" என்று மட்டும் எழுதும் புகாரை, "உரிம வரம்புக்குள் இருக்கிறது" என்ற ஒரே வரியில் முடித்துவிட முடியும். அதைவிட வலுவான அடையாளங்கள் சில உண்டு: மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பது, நீரின் மேல் எண்ணெய்ப் படலம், கால்வாயிலிருந்து ஆவி எழுவது, புளித்த நெடி, கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேற்புறம் தெளிந்தும் கீழ்ப்புறம் கலங்கியும் இருப்பது. இவற்றில் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் உள்ள வேறுபாடே மிக முக்கியமானது; இரண்டு இடத்தையும் ஒரே வேளையில் படம் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில ஆலைகள் ஆற்றில் விடாமல், தோட்டத்து வரப்புகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி அந்நீரைச் செம்பனைக்குப் பாய்ச்ச உரிமம் பெற்றிருக்கும், அதற்கு பி.ஓ.டி. வரம்பு 5,000 மில்லிகிராம் வரை தளர்வானது. வரப்பில் பழுப்பு நீர் நிற்பதே குற்றமாகாது. மழையில் அது வழிந்து வடிகாலுக்கும் ஆற்றுக்கும் போனால் அது வேறு விஷயம். அந்த வழிவைத்தான் நீங்கள் பதிவு செய்ய வேண்டும்.

பதிவுக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "சனிக்கிழமை, காலை மணி 6.40. இரயில் பாலத்தின் மேல் நின்று பார்த்தது. நேற்றிரவு பலத்த மழை. வலப்பக்கக் கால்வாயிலிருந்து பழுப்பு நீர் வேகமாக இறங்குகிறது, லேசாக ஆவி தெரிகிறது, புளித்த வாடை. கால்வாய்க்கு மேலே ஆறு வழக்கமான நிறம். கீழே சுமார் முப்பது கெளுத்தி செத்து ஒதுங்கியுள்ளது. படம் 4, காணொளி 1. உடன் பார்த்தவர்: பக்கத்து வீட்டு அண்ணன்." பார்த்ததை மட்டும் எழுதுங்கள், "ஆலைக்காரன் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டான்" என்பது பார்த்தது அல்ல, ஊகம். கைப்பேசியில் எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள். புலனம் வழியாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம், இடம் பற்றிய தரவுகள் போய்விடும். படம் எடுப்பதற்காக ஆலை வளாகத்துக்குள்ளோ தோட்ட வேலியைத் தாண்டியோ போகாதீர்கள். அத்துமீறல் என்று உங்கள் மேலேயே போலீஸ் புகார் திரும்பும். பாலமும் பொதுச் சாலையும் போதும்.

புட்டியில் தண்ணீர் பிடித்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாதிரியைக் குளிர்ச்சியில் வைத்து விரைவாக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை என்றால் முடிவு பிழையாகிவிடும். யார் பிடித்தார், எங்கே வைத்திருந்தார் என்ற கேள்விகளுக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்வதும் எளிதன்று. வழக்குக்கு உதவுவது அதிகாரி ஆலையின் கடைசி வெளியேற்ற முனையில் எடுக்கும் மாதிரிதான். ஆகையால் நம் வேலை, அதிகாரி வரும்போது கழிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்படி உடனே தகவல் கொடுப்பது. மறுநாள் காலை அலுவலகம் திறக்கட்டும் என்று காத்திருந்தால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-2727. முதலில் அதில் அழையுங்கள். அன்றே இணையவழிப் புகார்ப் பக்கத்திலோ மின்னஞ்சலிலோ அதையே எழுத்தில் கொடுங்கள். தேசிய மொழியில் எழுதுவது வேலையை விரைவுபடுத்தும்; வீட்டில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை இருந்தால் போதும், அழகான மொழி தேவையில்லை. இடம், நேரம், கண்டது, இணைப்பில் எத்தனை படம், இன்ன நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். புகார் எண்ணை வாங்காமல் பேச்சை முடிக்காதீர்கள். அந்த எண் இல்லாத புகார், பின்னால் கொடுக்கப்படாத புகாராகவே கருதப்படும்.

நிலமும் நீரும் கூட்டரசு அரசமைப்புச் சட்டப்படி மாநில அதிகாரத்தின் கீழ் வருவதால், அதே கடிதத்தின் நகல் மாநிலத் தரப்புக்கும் போக வேண்டும். சிலாங்கூரில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த லுவாஸ் எனும் நீர் நிர்வாக வாரியம் உள்ளது. மற்ற மாநிலங்களில் வடிகால் நீர்ப்பாசனத் துறையிலிருந்து தொடங்கலாம். ஆற்றின் கீழ்ப்போக்கில் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் நிலையம் இருந்தால் அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் 2006-இன் 121-ஆம் பிரிவு குடிநீர் ஆதாரத்தை மாசுபடுத்துவோருக்கு மிகக் கடுமையான தண்டனை விதிக்கிறது.

ஆலைக்குள் வேலை செய்யும் நம் மக்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எந்தக் குளம் நிரம்பிவிட்டது, எந்த வால்வு எப்போது திறக்கப்பட்டது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்; சம்பளமும் லயத்து வீடும் ஒரே முதலாளியிடம் இருப்பதால் பேசத் தயங்குவதும் அவர்கள்தான். தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010, முறைகேட்டைத் தெரிவிப்பவரின் அடையாளத்தைக் காத்து, வேலை நீக்கம் போன்ற பழிவாங்கலிலிருந்தும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் தகவல் அமலாக்கத் துறையிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். முகநூலிலோ புலனக் குழுவிலோ காணொளியைப் பரப்பியவருக்கு அந்தப் பதிவின் பேரில் இப்பாதுகாப்பு கிடைக்காது. தொழிலாளி கொண்டுவந்து கொடுக்கும் படத்தை ஊர்க்காரர்கள் உற்சாகத்தில் பரப்புவது அவரை வேலையிழக்கச் செய்யும் செயல். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவரே நேராகத் துறையிடம் சொல்ல உதவுங்கள். பெயர் குறிப்பிட்டு ஆலையைக் குற்றம் சாட்டும் பதிவுகளுக்கு அவதூறு வழக்கும், இணையத்தில் பொய்யான, புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கும் தகவல் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவும் காத்திருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

புகாருக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில், எண்ணைக் குறிப்பிட்டு, ஆய்வு நடந்ததா, மாதிரி எடுக்கப்பட்டதா, நடவடிக்கை என்ன என்று எழுதிக் கேளுங்கள். கூட்டரசு அளவில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இல்லை. சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநிலத் துறைகளிடம் உள்ள ஆவணங்களைக் கேட்க மாநிலச் சட்டம் உண்டு. பதிலே வராவிட்டால், பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலாம் மலேசியா போன்ற அமைப்புகளுக்கு உங்கள் கோப்பின் நகலைக் கொடுங்கள்.

இழப்பு ஏற்பட்டவர்கள் ரசீதுகளைச் சேர்க்க வேண்டும். ஆற்று நீரைக் குடித்த மாட்டுக்கு மருத்துவம் பார்த்தது, மீன் கூண்டு நாசமானது, காய்கறித் தோட்டத்துக்கு வேறு தண்ணீர் வாங்கியது ஆகிய எல்லாவற்றுக்கும் தேதியிட்ட சீட்டு வேண்டும். ஆலை குற்றவாளி எனத் தீர்ப்பானால், சொத்து இழந்தவருக்கு இழப்பீடு தரும்படி அதே நீதிமன்றம் ஆணையிடச் சுற்றுச்சூழல் தரச் சட்டமே இடம் தருகிறது. தனியாகச் சிவில் வழக்குப் போடுவதானால் தீபகற்பத்தில் பொதுவாக ஆறு ஆண்டுக் காலவரம்பு. அரசுத் துறைமேல் வழக்கு என்றால் 36 மாதம். துறையின் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக் கோருவதானால் மூன்றே மாதம். இந்தக் கடைசிக் கெடுவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சொந்த நிலம் இல்லாமல் லயத்தில் குடியிருப்பவர், நில உரிமையாளரைப் போலத் தொல்லை வழக்குத் (தன் நிலத்தைப் பயன்படுத்துவதற்குப் பிறர் இடையூறு செய்வதாகத் தொடுக்கும் வழக்கு) தொடுப்பது கடினம். ஆனால் பொதுத் தொல்லைக்காக, அதாவது பொதுமக்கள் எல்லாரையும் பாதிக்கும் இடையூறுக்காக, சட்டத்துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு இருவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்து வழக்குத் தொடுக்கலாம். வசதியற்றவர்கள் சட்ட உதவித் துறையில் முதலில் ஆலோசனை பெறட்டும்.

ஆலையின் உரிமம் காலக்கெடு உடையது, புதுப்பிக்கப்பட வேண்டியது. நோட்டுப் புத்தகத்தில் பதிவுகள் சேர்ந்ததும், புகார் எண்களை வரிசையாகக் குறித்து, உரிமம் புதுப்பிக்கப்படுவதற்கு முன் இவற்றைக் கருத்தில் கொள்ளுமாறும் வரம்பைக் கடுமையாக்குமாறும் மாநிலச் சுற்றுச்சூழல் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோயில் தலைவர், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆற்றோரக் கம்பத்துத் தலைவர் ஆகியோரின் கையொப்பங்களும் அதில் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்பிய சீட்டை நோட்டுக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.