ட்ரைசூட்டுக்குள் சிறுநீர் வந்தால்: புதிதாக டைவ் செய்யும் பெண்களுக்கு

தண்ணீருக்குள் சிறுநீர் வந்தால் என்ன செய்வது? குளிர்ந்த நீரில் ட்ரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத டைவ் உடை) போட்டு ஸ்கூபா டைவ் செய்யத் தொடங்கும் பெண்கள் பலர் பயிற்சியாளரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி இது. கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் படகேறிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உடலில் நீர் வற்றினால் டிகம்ப்ரஷன் நோய் (மேலே வரும்போது உடலில் கரைந்த வாயு குமிழிகளாவதால் வருவது) வரும் ஆபத்து கூடலாம். அதனால்தான் டைவுக்கு முன்னும் பின்னும் போதிய தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். தண்ணீரைக் குடியுங்கள், அது வெளியேற வழி செய்துகொள்வோம்.

கரையில் வராத அவசரம் தண்ணீருக்குள் ஏன் வருகிறது? நீரில் மூழ்கியதும் கை கால்களில் இருக்கும் இரத்தத்தில் ஒரு பகுதி நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. குளிரில் தோலருகே உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இது இன்னும் அதிகமாகும். உடலில் நீர் கூடிவிட்டதென்று இதயம் எடுத்துக்கொள்ள, சிறுநீரகம் வேகமாக வேலை செய்கிறது. இறங்குவதற்குச் சற்று முன்புதான் கழிவறைக்குப் போய்வந்தாலும் இது நடக்கும். உங்கள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை.

வெட்சூட் (உள்ளே தண்ணீர் புகும் டைவ் உடை) போட்டவர் உள்ளேயே போய்விட்டுப் பிறகு அலசிக்கொள்ளலாம். ட்ரைசூட்டில் அப்படி முடியாது. உள்ளாடையும் அதன்மேல் போடும் கதகதப்பு உடையும் நனைந்தால் குளிர் ஏறும், மீதி டைவ் முழுக்க நடுக்கம்தான்.

முதலில் டயப்பர்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பெரியவர்களுக்கான டயப்பர். சூட்டில் எந்த மாற்றமும் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் டைவ்களுக்கு இது பெரும்பாலும் போதும்.

ஜட்டி போல இழுத்துப் போடும் வகையை வாங்குங்கள். தொடையைச் சுற்றி இடைவெளி இருந்தால் கசியும். பெரிய அளவைவிட இறுக்கமாகப் பொருந்துவதே நல்லது. தண்ணீரில் நாம் பெரும்பாலும் குப்புறப் படுத்த நிலையில் நீந்துவதால் சிறுநீர் முன்பக்கம் ஓடும். அங்கே கூடுதலாக ஒரு பேட் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் முக்கியமான விஷயம்: ஒரே மூச்சில் விடாதீர்கள். கொஞ்சம் விட்டு, டயப்பர் உறிஞ்சட்டும் என்று காத்திருந்து, மறுபடி விடுங்கள். முதல் தடவை வீட்டுக் குளியலறையிலேயே போட்டுப் பாருங்கள். உடை உடுத்தியபடி சிறுநீர் கழிக்க மனம் லேசில் ஒப்பாது. அந்தத் தயக்கம் கரையிலேயே போகட்டும்.

ஒரு டைவ் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஈரத்தோடு அடுத்த டைவுக்குப் போனால் தோல் புண்ணாகும்.

நீண்ட டைவுக்கு: பி-வால்வ்

நேரம் நீளும்போதும், மேலே வரும் வழியில் டிகம்ப்ரஷனுக்காக, அதாவது கரைந்த வாயு உடலிலிருந்து மெல்ல வெளியேறுவதற்காக, நின்று காத்திருக்க வேண்டியிருக்கும்போதும் டயப்பர் தாங்காது. அப்போது தேவைப்படுவது பி-வால்வ். சூட்டின் தொடைப் பகுதியில் பொருத்தும் வால்வ் இது. உள்ளிருந்து வரும் குழாய் வழியாகச் சிறுநீரை நேராகக் கடலுக்கு அனுப்பிவிடும். ஆண்கள் இதில் காண்டம் கதீட்டரை (ஆணுறை போல மாட்டும், குழாயோடு இணையும் உறை) இணைத்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கென்று ஷீ-பி போன்ற சிலிக்கான் கிண்ணங்கள் இருக்கின்றன. உடலோடு ஒட்டி உட்காரும் சிறு கிண்ணம், அதன் அடியில் குழாய். அவ்வளவுதான் அமைப்பு.

வால்வைப் பொருத்த சூட்டில் துளை போட வேண்டும். அதை ட்ரைசூட் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். சமன்செய்யும் வகை வால்வாகவே கேளுங்கள். குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை சூட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தோடு அது சமப்படுத்திவிடும். அந்த வசதி இல்லாத வால்வில், ஆழம் போகப் போகக் கிண்ணத்துக்குள் சிக்கிய காற்று சுருங்கி உடலை உறிஞ்சி இழுக்கும், காயமே ஆகலாம்.

கிண்ணத்தை ஒட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கசிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒட்டுவதற்கு மருத்துவப் பசையை மட்டும் பயன்படுத்துங்கள். சில நாள் முன்பே முன்கையில் ஒரு துளி தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். டைவ் நாளில் அந்த இடத்து முடியை ஒட்ட வெட்டி, சாதாரணத் தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். லோஷன், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். கிண்ணத்தின் விளிம்பில் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, அது பிசுபிசுப்பாகும்வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்பை அவசரத்தில் தவிர்ப்பவர்களுக்குத்தான் பாதி வழியில் பெயர்ந்து வரும். பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி அழுத்தி ஒட்டுங்கள். சில நிமிடம் கையால் பிடித்திருந்து, மேலே இறுக்கமான உள்ளாடை போடுங்கள். மாதவிடாய் நாளில் டாம்பனோ கப்போ வைத்துக்கொண்டே இதைப் போடலாம்.

குழாயைக் கதகதப்பு உடையின் வழியே வெளியே எடுத்து வால்வில் இணைத்ததும், ஒரு தடவை குந்தி எழுந்து பாருங்கள். குழாய் மடங்கினாலோ இழுத்தாலோ அப்போதே தெரிந்துவிடும். வால்வ் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை டைவுக்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் வால்வைத் திறந்துவிட்டு, கால் கீழாக நேராக நில்லுங்கள். மெதுவாக விடுங்கள். முக்கி வேகமாக விட்டால் குழாய் அந்த அளவைத் தாங்காமல் கிண்ணத்தில் தேங்கிப் பசையைக் கிளப்பிவிடும். மிதப்பைக் கட்டுப்படுத்துவது இன்னும் கைவரவில்லை என்றால், இதை முதலில் ஆழமில்லாத இடத்தில் பழகுங்கள். எவ்வளவு அவசரமானாலும், மேலே வருமுன் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தையோ டிகம்ப்ரஷன் நிறுத்தத்தையோ விட்டுவிட்டு மேலே வராதீர்கள். சூட்டை நனைத்துவிட்டால் துவைத்துக்கொள்ளலாம்.

கரைக்கு வந்ததும்

கிண்ணத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரும், பசை நீக்கும் திரவமோ கொஞ்சம் எண்ணெயோ போதும்; ஓரத்திலிருந்து மெல்லக் கழன்று வரும். சுத்தம் செய்வதில் சோம்பல் கூடாது. ஈரக் குழாயில் கிருமி வளர்ந்து, வால்வ் பயன்படுத்துபவர்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்திருப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு டைவ் நாளின் முடிவிலும் கிண்ணம், குழாய், வால்வ் மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, தயாரிப்பாளர் சொல்லும் கிருமிநாசினியை உள்ளே ஓடவிட்டு, மறுபடி அலசி, குழாயைத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். யாருடைய கிண்ணத்தையும் இரவல் வாங்காதீர்கள். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம் என்று எது தெரிந்தாலும் டைவிங்கை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வால்வ் பயன்படுத்தியதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.